கீழ காலேஜ் போறதுக்கு முன்னாடி மலைப் பசங்க தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய வார்த்தைங்க

ப்ளஸ் டூ ரிசல்ட் வர்றதும் மே மாசம், ஊட்டியில சீசன் உச்சத்துல இருக்குறதும் மே மாசம். ஒரு சர்டிஃபிகேட் விஷயமா தாலுகா ஆபீஸ் போயிட்டு வர்றதுக்குள்ள டூரிஸ்ட் வண்டிக்கு நடுவுல மாட்டி ஒரு நாள் முழுசா போயிரும், வீட்டுக்கு வந்து காலேஜ் அப்ளிகேஷனைத் திறந்தா அதுல பாதி வார்த்தை புரியாது, கூட இருக்குற அப்பா அம்மாவுக்கும் புரியாது, நெட் சென்டர்ல பின்னாடி வரிசை நிக்கும், "சீக்கிரம் சொல்லுப்பா"ன்னு அவசரப்படுத்துவாங்க, ஏதோ ஒண்ணை டிக் பண்ணிட்டு வந்துருவீங்க. அப்படி அவசரப்படுத்துற ஆளுங்கள்ல நானும் ஒருத்தி. கோத்தகிரியில ஒரு நெட் சென்டர்ல உக்காந்து அப்ளிகேஷன் போட்டுக் குடுக்குறதுதான் என் வேலை, அதனால எந்த வார்த்தை வந்தா பசங்க முழிக்கிறாங்கன்னு நல்லாவே தெரியும்.

காலேஜ் வார்த்தை நூறு இருக்கும், எல்லாத்தையும் இப்பவே மனப்பாடம் பண்ண வேண்டாம். பாதி வார்த்தை உள்ள போன ஒரு வாரத்துல தானா வாயில வந்துரும். சிலது மட்டும் சேர்றதுக்கு முன்னாடியே தெரியணும், ஏன்னா அதுல காசு மாட்டியிருக்கு, இல்லாட்டி ஒரு வருஷம் மாட்டியிருக்கு. அதுக்குத்தான் இங்க நிறைய இடம் குடுத்திருக்கேன், மத்ததை ஓட்டிட்டுப் போறேன்.

யாரு நடத்துறாங்க, யாரு டிகிரி குடுக்குறாங்க

இது ரெண்டும் வேற வேற கேள்வி. பசங்க ரெண்டையும் போட்டு குழப்பிக்குவாங்க, காலேஜ் நோட்டீஸ்லயும் தெளிவா இருக்காது.

முதல் கேள்விக்கு மூணு பதில்தான். கவர்மென்ட், எய்டட், செல்ஃப் ஃபைனான்ஸ். கவர்மென்ட்னா அரசாங்கமே நடத்துறது, ஊட்டியில 1955ல ஆரம்பிச்ச அரசு கலைக் கல்லூரி மாதிரி, ஃபீஸ் ரொம்பக் கம்மி. எய்டட்னா ஒரு டிரஸ்ட்டோ சபையோ நடத்தும், ஆனா வாத்தியாருங்க சம்பளத்தை அரசாங்கம் குடுக்கும், அதனால ஃபீஸ் ஓரளவு கம்மியா இருக்கும். செல்ஃப் ஃபைனான்ஸ்னா எல்லா செலவும் ஸ்டூடன்ட் கட்டுற ஃபீஸ்லதான் ஓடும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரே காலேஜுக்குள்ளயே எய்டட் கோர்ஸும் இருக்கும், செல்ஃப் ஃபைனான்ஸ் கோர்ஸும் இருக்கும். கோயம்புத்தூர்ல பேர் வாங்குன பழைய காலேஜ் நிறைய அப்படித்தான். ஒரே பி.காம்., ஒரே கேட், ஒரே கேன்டீன், ஆனா பக்கத்துல உக்காந்திருக்கிற பையன் கட்டுனதை விட நீங்க பல மடங்கு கட்டியிருப்பீங்க. போன வருஷம் கீழ்க்கோத்தகிரி எஸ்டேட்ல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, கையில அட்மிஷன் போட்ட ரசீது. "எய்டட் காலேஜ்னு சொன்னாங்கக்கா, இவ்வளவு ஏன் வருது"ன்னு கேட்டுச்சு. ரசீதை வாங்கிப் பாத்தா கோர்ஸ் பேருக்குப் பின்னாடி சின்னதா எஸ்.எஃப்னு ரெண்டு எழுத்து, செல்ஃப் ஃபைனான்ஸோட சுருக்கம். காலேஜ் எய்டட்தான், அந்த கோர்ஸ் எய்டட் கிடையாது. யாரும் பொய் சொல்லல, அந்தப் புள்ளைக்கு என்ன கேக்கணும்னு தெரியல, அவ்வளவுதான். அதனால "இது எய்டட் காலேஜா"ன்னு கேக்காதீங்க, "இந்த கோர்ஸ் எய்டட்ல வருதா எஸ்.எஃப்லயா"ன்னு கேளுங்க. ஷிஃப்ட் ஒன், ஷிஃப்ட் டூன்னு எழுதியிருந்தாலும் இதே கேள்வியைக் கேட்டுருங்க, பல இடத்துல ரெண்டாவது ஷிஃப்ட் முழுக்க செல்ஃப் ஃபைனான்ஸாத்தான் இருக்கும்.

ரசீது பத்தி இன்னொண்ணு. ட்யூஷன் ஃபீஸ், ஸ்பெஷல் ஃபீஸ், எக்ஸாம் ஃபீஸ், காஷன் டெபாசிட்னு தனித்தனியா போட்டிருக்கணும். காஷன் டெபாசிட்னா படிப்பு முடிச்சுப் போறப்ப திரும்பக் குடுக்க வேண்டிய காசு, அந்த ரசீது இல்லாம அது வராது. ரசீது இல்லாம கேக்குற காசுக்கு டொனேஷன்னு பேர் வச்சாலும் வளர்ச்சி நிதின்னு பேர் வச்சாலும், கேபிடேஷன் ஃபீஸ் வாங்கக் கூடாதுன்னு தமிழ்நாட்டுல 1992லயே சட்டம் போட்டாச்சு.

ரெண்டாவது கேள்வி, டிகிரி யாரு குடுக்குறாங்க. இங்க வர்ற வார்த்தைங்க அஃபிலியேட்டட், அட்டானமஸ், டீம்டு. அஃபிலியேட்டட்னா காலேஜ் ஒரு யுனிவர்சிட்டிக்குக் கீழ இருக்கு, சிலபஸ், கொஸ்டின் பேப்பர், டிகிரி எல்லாமே யுனிவர்சிட்டியோடது. நம்ம நீலகிரி ஆர்ட்ஸ் காலேஜுக்கெல்லாம் கோயம்புத்தூர் மருதமலை ரோட்டுல இருக்குற பாரதியார் யுனிவர்சிட்டிதான் தலைமை. அட்டானமஸ்னா அதுவும் ஒரு யுனிவர்சிட்டிக்குக் கீழதான், ஆனா சிலபஸ் போடுறது, பரீட்சை வைக்கிறது, பேப்பர் திருத்துறது எல்லாம் காலேஜே பாத்துக்கும், டிகிரி மட்டும் யுனிவர்சிட்டி பேர்ல வரும். கோயம்புத்தூர் ஜி.சி.டி., அதாவது அரசு தொழில்நுட்பக் கல்லூரி, கவர்மென்ட் காலேஜ், அதே நேரம் அட்டானமஸ், டிகிரி அண்ணா யுனிவர்சிட்டியோடது, கவர்மென்ட், அட்டானமஸ், அஃபிலியேட்டட்னு மூணு வார்த்தையும் ஒரே காலேஜுக்குப் பொருந்துது பாருங்க. டீம்டுன்னா காலேஜே யுனிவர்சிட்டி அந்தஸ்து வாங்கிருச்சு, டிகிரியும் அதுவே குடுக்கும், அட்மிஷனும் பெரும்பாலும் அதுவே நடத்தும், அரசாங்க கவுன்சிலிங் வழியா வராது.

ஊட்டிக்குள்ளயே சுத்திப் பாத்தா இது புரிஞ்சுரும். அரசு கலைக் கல்லூரிக்கு பாரதியார் யுனிவர்சிட்டி, மெடிக்கல் காலேஜுக்கு சென்னையில இருக்குற எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், ஜே.எஸ்.எஸ். ஃபார்மசி காலேஜுக்கு மைசூர்ல இருக்குற ஜே.எஸ்.எஸ். டீம்டு யுனிவர்சிட்டி. ஒரே ஊரு, ஒரே குளிரு, மூணு யுனிவர்சிட்டி. கொடைக்கானல் பக்கம் இருக்குறவங்களுக்கு வேற மாதிரி, அங்க 1984ல ஆரம்பிச்ச அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் மலை மேலயே இருக்கு, அது ஸ்டேட் யுனிவர்சிட்டி, சட்டம் போட்டு ஆரம்பிச்சது, டீம்டு கிடையாது.

இதை ஏன் இவ்வளவு இழுக்குறேன்னா, உங்களுக்குக் கிடைக்க வேண்டிய பல சலுகை இதை வச்சுத்தான் முடிவாகும். அது கொஞ்சம் கீழ வருது.

நாக், என்.பி.ஏ., என்.ஐ.ஆர்.எஃப்.னு போர்டுல பெருசா போட்டிருப்பாங்க. நாக் காலேஜுக்கு மார்க் போடுறது, ஏ ப்ளஸ் ப்ளஸ்ல இருந்து கீழ இறங்கும். என்.பி.ஏ. காலேஜைப் பாக்காது, ஒவ்வொரு கோர்ஸையும் தனியாப் பாக்கும், இன்ஜினியரிங் பக்கம்தான் அது ஜாஸ்தி. என்.ஐ.ஆர்.எஃப். வருஷா வருஷம் வர்ற ரேங்க் லிஸ்ட். என்னைக் கேட்டா, அஃபிலியேஷன் இருக்கா, இன்ஜினியரிங்னா ஏ.ஐ.சி.டி.இ.ங்கிற மத்திய அமைப்போட அப்ரூவல் இந்த வருஷத்துக்கு இருக்கான்னு பாத்துட்டு அதுக்கப்புறம் இதையெல்லாம் பாருங்க. போர்டுல போட்டிருக்கிற கிரேடு எந்த வருஷம் வாங்குனதுன்னு போர்டுல இருக்காது.

கட்ஆஃப், ரேங்க், கவுன்சிலிங்

கட்ஆஃப்னா என்னமோ தனி பரீட்சை மார்க்னு நினைச்சுட்டு வர்றவங்க இருக்காங்க. உங்க ப்ளஸ் டூ மார்க்கையே வேற மாதிரி கூட்டுறதுதான். மேத்ஸ் 86, ஃபிசிக்ஸ் 78, கெமிஸ்ட்ரி 82னு வச்சுக்குவோம். இன்ஜினியரிங்குக்கு மேத்ஸை அப்படியே எடுத்துக்கணும், மத்த ரெண்டையும் பாதியாக்கணும். 86, 39, 41. கூட்டுனா 200க்கு 166. அதே ஆளு கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.எஸ்சி. கேட்டா தமிழ், இங்கிலீஷை விட்டுட்டு மிச்ச நாலு பாடத்தை 400க்குப் போடுவாங்க, நாலாவது பாடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் 90னா 336 வரும். பி.ஏ. தமிழ் கேட்டா தமிழ் மார்க்கை வச்சு தனி ரேங்க். ஆக ஒரே ஆளுக்கு மூணு விதமான மார்க் இருக்கும், ஒண்ணுல பின்னாடி இருந்தா இன்னொண்ணுல முன்னாடி இருக்கலாம்.

"போன வருஷம் அந்த காலேஜ் கட்ஆஃப் 170"னு சொல்றாங்கல்ல, அது வேற அர்த்தம். போன வருஷம் அந்த கோர்ஸ்ல, அந்த கம்யூனிட்டியில, கடைசியா சீட் வாங்குன ஆளோட மார்க் அது. இந்த வருஷமும் அதேதான்னு எந்த சட்டமும் கிடையாது. ஓ.சி. கட்ஆஃபைப் பாத்துட்டு நமக்குக் கிடைக்காதுன்னு விட்டுட்டுப் போன பசங்களைப் பாத்திருக்கேன், உங்க கம்யூனிட்டிக்குன்னு போட்டிருக்கிற கட்டத்தைப் பாருங்கப்பா. தமிழ்நாட்டுல இட ஒதுக்கீடு மொத்தம் 69 சதவீதம், பி.சி.க்கு 26.5, பி.சி. முஸ்லிமுக்கு 3.5, எம்.பி.சி., டி.என்.சி.க்கு 20, எஸ்.சி.க்கு அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 சேத்து 18, எஸ்.டி.க்கு 1. மிச்சம் 31 ஓப்பன், அதுல எல்லாரும் போட்டி போடலாம்.

ரேண்டம் நம்பர்னு ஒண்ணு இன்ஜினியரிங் அப்ளிகேஷன்ல வரும், பத்து இலக்கம். மேத்ஸ் மார்க், ஃபிசிக்ஸ் மார்க், பிறந்த தேதி வரைக்கும் எல்லாமே ரெண்டு பேருக்கு ஒண்ணா இருந்தா யாரு முன்னாடின்னு முடிவு பண்ண மட்டும்தான் அது. அது பெருசா வந்தா அதிர்ஷ்டம்னு ஸ்டேட்டஸ் வைக்கிறதெல்லாம் வேண்டாம், அநேகமா உங்களுக்கு அது தேவையே படாது.

கவுன்சிலிங்னா அறிவுரை சொல்றதுன்னு சில பெரியவங்க நினைச்சுக்குறாங்க, இங்க அதுக்கு சீட்டுப் பிரிச்சுக் குடுக்குறதுன்னு அர்த்தம். கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல அப்ளிகேஷன் ஆன்லைன்ல போட்டாலும் ரேங்க் லிஸ்ட் அந்தந்த காலேஜுக்குப் போயிரும், நீங்க நேர்ல போகணும், மாற்றுத்திறனாளி, ஸ்போர்ட்ஸ் மாதிரி ஸ்பெஷல் கேட்டகரி முதல் நாள்ல முடிஞ்சு அப்புறம்தான் பொது. இன்ஜினியரிங் முழுக்க ஆன்லைன். சாய்ஸ் ஃபில்லிங்ல காலேஜ், கோர்ஸை வரிசையாப் போடணும், எது மேல இருக்கோ அதுதான் முதல்ல பாக்கப்படும், அதனால உண்மையிலேயே வேணுங்கிறதை மேல வைங்க, "கிடைக்குமா கிடைக்காதா"ன்னு யோசிச்சு கீழ தள்ளாதீங்க. அப்புறம் டென்டேட்டிவ் அலாட்மென்ட், அதாவது தற்காலிகமா ஒதுக்குன சீட் வரும். அதுல "அக்செப்ட் அண்ட் ஜாயின்"னா இது போதும், சேந்துக்குறேன். "அக்செப்ட் அண்ட் அப்வர்ட்"னா இதைக் கையில வச்சுக்குறேன், ஆனா நான் மேல போட்டது ஏதாவது காலியானா அதுக்கு மாத்துங்க. மாறிருச்சுன்னா பழையது கிடையாது, இது தெரிஞ்சுதான் அமுக்கணும். ஒண்ணுமே அமுக்காம விட்டா சீட் போச்சு, அதுக்குக் குடுக்குற நாளும் கொஞ்சம்தான்.

இந்த இடத்துல ஒரு நடைமுறைத் தொல்லை சொல்றேன். ஓ.டி.பி. வர்ற நம்பர். அப்பா நம்பர் குடுத்திருப்பாங்க, அப்பா எஸ்டேட்ல இலை எடுக்குற இடத்துல டவர் இருக்காது, இல்ல ரீசார்ஜ் முடிஞ்சிருக்கும், சாயங்காலம் அஞ்சு மணி கடைசி நேரம்னா நாலே முக்காலுக்கு நாங்க எல்லாரும் சேந்து அப்பாவுக்கு ஃபோன் போட்டுட்டு இருப்போம். வீட்டுல எந்த ஃபோன் எப்பவும் டவர் இருக்குற இடத்துல இருக்கோ அந்த நம்பரைக் குடுங்க. மெயில் ஐடி உங்க பேர்ல நீங்களே ஆரம்பிங்க, நெட் சென்டர் மெயில் குடுக்காதீங்க. நெட் சென்டர்ல இருந்துட்டு நானே சொல்றேன், குடுக்காதீங்க. பாஸ்வேர்டை நோட்டுல எழுதி வைங்க.

கோட்டா பக்கம்

7.5 சதவீதம்: ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு. மெடிக்கல்ல 2020ல வந்துச்சு, இன்ஜினியரிங் மாதிரி தொழில் படிப்புக்கெல்லாம் 2021ல. இதுல சீட் வாங்குனா ட்யூஷன், ஹாஸ்டல் செலவை அரசாங்கமே ஏத்துக்குது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில படிச்ச பசங்களும் இதுல வருவாங்க, அது தெரியாம விட்டுட்டவங்க இங்க உண்டு. எய்டட் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு இந்த கோட்டா கிடையாது, "எங்க ஸ்கூல்லயும் கவர்மென்ட் புக்குதான்"னு சொன்னாலும் கிடையாது.

ஃபர்ஸ்ட் கிராஜுவேட்: வீட்டுல தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க யாருமே டிகிரி முடிக்காம இருந்தா நீங்கதான் முதல் பட்டதாரி, அதுக்கு ஃபீஸ்ல சலுகை. இ சேவையில சர்டிஃபிகேட் போடணும். அக்கா ஏற்கனவே இதுல படிச்சிட்டா தம்பிக்கு வராது.

ரெண்டுத்துக்கும் பொதுவா ஒரு விஷயம், இதுதான் மேல சொன்னது. அரசாங்க கவுன்சிலிங் வழியா வாங்குற சீட்டுக்குத்தான் இந்த சலுகை. கவுன்சிலிங்ல வராத டீம்டுலயோ மேனேஜ்மென்ட் கோட்டாவுலயோ சேந்தா கிடையாது. மேனேஜ்மென்ட் கோட்டான்னா காலேஜே நேரா நிரப்புற சீட்டு. ரிசல்ட் வந்த மறுநாளே வீட்டுக்கு ஃபோன் பண்ணி "சீட் முடியப் போகுது, இப்பவே கொஞ்சம் கட்டி பிளாக் பண்ணிக்கோங்க"ன்னு பேசுற ஏஜென்ட்டுங்க விக்கிறது இந்த சீட்டைத்தான். கவுன்சிலிங்ல வந்திருந்தா அதே காலேஜ்ல அதே கோர்ஸ் அரசாங்க செலவுல கிடைச்சிருக்கும்னு அப்புறம் தெரிஞ்சு என்ன பண்றது. அவசரமே படாதீங்க.

நேட்டிவிட்டி: கூடலூர், பந்தலூர் பசங்க இதை நல்லாப் படிங்க. எட்டாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ்நாட்டுலயே படிச்சிருந்தா இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல நேட்டிவிட்டி கேக்க மாட்டாங்க. ஆனா எல்லையில இருக்கிறதால சுல்தான் பத்தேரி பக்கம் போய் படிச்சவங்க நம்ம ஊர்ல நிறைய, அவங்களுக்கு நேட்டிவிட்டி சர்டிஃபிகேட் கட்டாயம் வேணும். அதை மே மாசம் போய் கேக்காதீங்க. கம்யூனிட்டி சர்டிஃபிகேட்டும் அப்படித்தான், இலங்கையில இருந்து தாயகம் திரும்பினவங்க குடும்பம், பழங்குடிக் குடும்பமெல்லாம் விசாரணைக்கே நாள் ஆகும், ப்ளஸ் டூ சேந்தப்பவே எழுதிப் போட்டுருங்க.

சர்டிஃபிகேட்ல மிச்சம் இருக்குற வார்த்தைங்க சுலபம். டி.சி. தெரியும். போனஃபைட்னா இந்தப் பையன் எங்க காலேஜ்லதான் படிக்கிறான்னு காலேஜ் குடுக்குற லெட்டர், பஸ் பாஸ், லோன், ஸ்காலர்ஷிப் எல்லாத்துக்கும் கேப்பாங்க. ப்ரொவிஷனல்னா படிச்சு முடிச்சதும் குடுக்குற தற்காலிக டிகிரி, ஒரிஜினல் கான்வொகேஷன்லதான், அதாவது பட்டமளிப்பு விழாவுல. ஒரிஜினல் மார்க் ஷீட்டை சரிபாத்துட்டு உடனே திருப்பிக் குடுக்கணும், காலேஜ் பிடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018லயே சொல்லிருச்சு, எதைக் குடுக்குறதா இருந்தாலும் முதல்ல பத்து ஜெராக்ஸ் எடுத்து, ஒரு ஸ்கேன் ஃபோன்ல வச்சுக்கோங்க.

உள்ள போனப்புறம்

யு.ஜி.ன்னா முதல் டிகிரி, பி.ஏ., பி.எஸ்சி., பி.காம்., பி.இ. எல்லாம். பி.ஜி.ன்னா அதுக்கு மேல. டிப்ளமோ பாலிடெக்னிக்ல குடுக்குறது. டிப்ளமோ முடிச்சு நேரா பி.இ. ரெண்டாம் வருஷம் போறதுக்கு லேட்டரல் என்ட்ரின்னு பேரு, பத்தாவதோட பாலிடெக்னிக் போன பசங்களுக்கு இது நல்ல வழி, யாரும் எடுத்துச் சொல்றதில்ல.

ஆர்ட்ஸ் காலேஜ்ல மார்க் ஷீட் வந்தா பார்ட் ஒன், பார்ட் டூன்னு அஞ்சு இருக்கும். பார்ட் ஒன் தமிழ் இல்ல வேற மொழி, பார்ட் டூ இங்கிலீஷ், பார்ட் த்ரீதான் உங்க மேஜர், அதுக்குள்ளயே கோர், அலைடு, எலெக்டிவ். கோர்னா உங்க பாடம். அலைடுன்னா அதுக்கு பக்கத்துணையா வர்ற பாடம், பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு மேத்ஸோ ஃபிசிக்ஸோ வர்ற மாதிரி. எலெக்டிவ்னா நீங்க தேர்ந்தெடுக்கலாம்னு அர்த்தம், நிஜத்துல டிபார்ட்மென்ட்ல எந்த சார் இருக்காரோ அந்த பேப்பர்தான் வரும். பார்ட் ஃபோர்ல சுற்றுச்சூழல் மாதிரி சின்னப் பேப்பருங்க, பார்ட் ஃபைவ்ல என்.எஸ்.எஸ்., என்.சி.சி., ஸ்போர்ட்ஸ். பார்ட் ஃபைவ் சும்மாதானேன்னு விட்டா டிகிரி நிக்கும், மூணாவது வருஷக் கடைசியில சர்டிஃபிகேட்டுக்கு ஓடுவாங்க.

செமஸ்டர்னா அரை வருஷம். ஜூன், ஜூலையில ஆரம்பிச்சு நவம்பர் வாக்குல பரீட்சை முடியிறது ஆட் (ஒற்றைப்படை) செமஸ்டர், அடுத்து ஏப்ரல் வரைக்கும் ஈவன் (இரட்டைப்படை).

கிரெடிட், ஜி.பி.ஏ. இது ரெண்டும்தான் எல்லாருக்கும் தலைவலி. ஒரு பாடத்துக்கு எவ்வளவு எடைன்னு சொல்றது கிரெடிட். வாரத்துல நிறைய மணி நேரம் இருக்குற பாடத்துக்கு 4, சின்னப் பாடத்துக்கு 2, இப்படி மூணு வருஷ டிகிரிக்கு இங்க சுமார் 140 கிரெடிட் சேக்கணும். சந்தைக்குப் போற கேரட் மூட்டை மாதிரி நினைச்சுக்கோங்க, கிலோவுக்கு என்ன விலைங்கிறது மட்டும் போதாது, மூட்டை எத்தனை கிலோங்கிறதும் சேந்துதான் கையில வர்ற காசு. மார்க் விலை, கிரெடிட் கிலோ.

கணக்காப் போட்டுப் பாப்போம். பாயின்ட்னா உங்க மார்க்கைப் பத்துக்குன்னு மாத்திக் குடுக்குறது. முதல் செமஸ்டர்ல ஆறு பேப்பர். தமிழ் 8 பாயின்ட், இங்கிலீஷ் 6, கோர் ஒண்ணு 7, கோர் ரெண்டு 5, அலைடு 6, இந்த அஞ்சுக்கும் தலா 4 கிரெடிட். சுற்றுச்சூழல் 9 பாயின்ட், ஆனா 2 கிரெடிட்தான். முதல் அஞ்சைக் கூட்டுனா 32, அதை 4ஆல பெருக்குனா 128. சுற்றுச்சூழல் 9ஐ 2ஆல பெருக்குனா 18. மொத்தம் 146. கிரெடிட் மொத்தம் 22. 146ஐ 22ஆல வகுத்தா 6.64, இதுதான் அந்த செமஸ்டர் ஜி.பி.ஏ. சும்மா ஆறையும் கூட்டி ஆறால வகுத்திருந்தா 6.83 வந்திருக்கும், சுற்றுச்சூழல்ல எடுத்த 9 பாதி எடைதான் போட்டுச்சு, அதான் குறைஞ்சிருச்சு. அதனால 4 கிரெடிட் பேப்பரை விட்டுட்டு சுலபமான 2 கிரெடிட் பேப்பரை உருப்போடுறதுல லாபம் கம்மி. எல்லா செமஸ்டரும் சேத்து வர்றது சி.ஜி.பி.ஏ., வேலைக்கு ஆள் எடுக்க வர்றவங்க கேக்குறது அதைத்தான்.

இன்டர்னல்னா காலேஜ் உள்ளயே போடுற மார்க், டெஸ்ட், அசைன்மென்ட், செமினார் எல்லாம் சேந்தது. எக்ஸ்டர்னல்னா செமஸ்டர் பரீட்சை. பல ஆர்ட்ஸ் காலேஜ்ல 25க்கு 75. பாஸ் மார்க் 40னு சொல்வாங்க, ஆனா மொத்தம் 40 வந்தா மட்டும் போதாது, எக்ஸ்டர்னல்ல தனியா ஒரு மினிமம் இருக்கும், 75க்கு 30ங்கிற மாதிரி. இன்டர்னல்ல 22 எடுத்துட்டு எக்ஸ்டர்னல்ல 25 எடுத்தா கூட்டுனா 47, இருந்தாலும் ஃபெயில். அண்ணா யுனிவர்சிட்டி இன்ஜினியரிங்ல பாஸ் மார்க்கே 50.

ஃபெயில் ஆனா அதுக்குப் பேரு அரியர். ஸ்கூல் மாதிரி அதே கிளாஸ்ல உக்கார வைக்க மாட்டாங்க, நீங்க அடுத்த செமஸ்டர் போயிட்டே அந்தப் பேப்பரைத் திரும்ப எழுதலாம். ஒரு அரியர் வந்தா அழுது ஊருக்கு வந்துராதீங்க, முதல் செமஸ்டர்ல தமிழ் மீடியம் பசங்களுக்கு ஒண்ணு ரெண்டு வர்றது சகஜம். பிளேஸ்மென்ட், அதாவது காலேஜுக்கு கம்பெனி வந்து ஆள் எடுக்குற சமயத்துல ரெண்டு வார்த்தை வரும். "ஸ்டேண்டிங் அரியர்"னா இன்னும் முடிக்காதது, "ஹிஸ்டரி ஆஃப் அரியர்"னா முன்னாடி இருந்து முடிச்சது. நிறைய கம்பெனி முதல்லதுக்குத்தான் கதவை சாத்தும், சிலது ரெண்டாவதையும் கேக்கும். மார்க் சந்தேகமா இருந்தா முதல்ல பேப்பர் ஃபோட்டோகாப்பி வாங்கிப் பாருங்க, ஒரு சார்கிட்ட காட்டுங்க, அதுக்கப்புறம் ரீவேல்யூவேஷனுக்கு, அதாவது பேப்பரைத் திரும்பத் திருத்துறதுக்குக் காசு கட்டுங்க, ரெண்டுக்கும் கடைசித் தேதி உண்டு.

அட்டென்டன்ஸ் 75 சதவீதம். அதுக்குக் கீழ போனா கண்டொனேஷன், அதாவது காரணம் சொல்லி, மெடிக்கல் சர்டிஃபிகேட் வச்சு, ஃபைன் கட்டி எழுதறது. அதுக்கும் கீழ போனா டீடெய்ண்ட், அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்கணும். மலையில இருந்து போறவங்களுக்கு இது முக்கியம், ஏன்னா அக்டோபர், நவம்பர்ல குன்னூர் ரோட்டுல மண் சரிஞ்சா நீங்க மேல மாட்டிக்குவீங்க, நீலகிரி கலெக்டர் லீவு விட்டாலும் அது கீழ இருக்குற காலேஜுக்குப் பொருந்தாது. தீபாவளிக்கு வந்தா மழையைப் பாத்து ஒரு நாள் முன்னாடியே இறங்கிருங்க, மாட்டிக்கிட்டா அன்னைக்கே டியூட்டருக்கு மெசேஜ் போட்டு பேப்பர்ல வந்த செய்தியையும் அனுப்பி வைங்க. ஓ.டி.ன்னா ஆன் டியூட்டி, காலேஜ் வேலையா வெளிய போனா வந்த மாதிரி கணக்கு.

டியூட்டர்னா உங்க கிளாஸைப் பாத்துக்குற மேடமோ சாரோ, சில இடத்துல மென்டார்னு சொல்வாங்க. எச்.ஓ.டி. டிபார்ட்மென்ட் தலைவர். சி.ஓ.இ. பரீட்சை ஆபீஸ், ஹால் டிக்கெட் பேர்ல எழுத்துப் பிழைன்னா அங்கதான். எதுவா இருந்தாலும் டியூட்டர்கிட்ட ஆரம்பிங்க, நேரா பிரின்சிபால் ரூமுக்குப் போனாலும் அவங்க "டியூட்டர்கிட்ட சொன்னியா"ன்னுதான் கேப்பாங்க.

மாசா மாசம் வர்ற காசு

ஆறுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய், 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட்ல இருந்து. எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் உண்டு. இதுக்கும் மத்த ஸ்காலர்ஷிப்புக்கும் யு.எம்.ஐ.எஸ். நம்பர் கேப்பாங்க, ஸ்கூல்ல இ.எம்.ஐ.எஸ். நம்பர் இருந்துச்சுல்ல, அது மாதிரி காலேஜுக்கு இது, காலேஜ்லயே போட்டுக் குடுப்பாங்க. அப்புறம் ஆதார் சீடிங். பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் நம்பர் குடுத்தா மட்டும் சீடிங் ஆகாது, "அரசாங்கக் காசு இந்த அக்கவுண்ட்டுக்கு வரணும்"னு பேங்க்ல தனியா எழுதிக் குடுக்கணும். ரெண்டு அக்கவுண்ட் வச்சிருந்தா கடைசியா எதுல சீடிங் பண்ணீங்களோ அதுலதான் காசு விழும், பல பேர் காசு வரலன்னு வந்து கேக்குறப்ப தேடிப் பாத்தா நாலாவது படிக்கிறப்ப ஸ்கூல்ல ஆரம்பிச்ச அக்கவுண்ட்ல கிடக்கும். போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்னா பத்தாவதுக்கு மேல படிக்கிறவங்களுக்கு, எஸ்.சி., எஸ்.டி.க்கு குடும்ப வருமானம் வருஷம் இரண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும். ஒவ்வொரு வருஷமும் ரெனியூவல் போடணும், முதல் வருஷம் போட்டா மூணு வருஷமும் தானா வரும்னு இருந்துராதீங்க.

ஹாஸ்டல்ல மெஸ் பில் ரெண்டு விதம். ஒண்ணு மாசத்துக்கு இவ்வளவுன்னு ஃபிக்ஸ்டு. இன்னொண்ணு டிவைடிங் சிஸ்டம், அந்த மாசம் ஆன செலவை சாப்பிட்டவங்க தலைக்குப் பிரிச்சுப் போடுறது. டிவைடிங்ல ஊருக்கு வர்ற நாளுக்கு மெஸ் கட் எழுதிக் குடுத்துட்டு வந்தா அந்த நாள் காசு குறையும், எத்தனை நாளுக்கு மேல போனா மெஸ் கட் தர்றாங்கன்னு வார்டன்கிட்ட முதல் வாரமே கேட்டுக்கோங்க.

ராகிங்குக்கு எதிரா தமிழ்நாட்டுல 1997லயே சட்டம் இருக்கு, சேர்றப்பவே நீங்களும் வீட்டுலயும் ஆன்டி ராகிங் அஃபிடவிட்ல கையெழுத்துப் போடுவீங்க. "இன்ட்ரோ குடு"ன்னு சீனியர் கேட்டு பேர், ஊர் சொல்றதோட நின்னா பரவாயில்ல. ஊட்டின்னு சொன்னதும் "படுகா பாட்டு பாடு, டான்ஸ் ஆடு"ன்னு ராத்திரி ரூமுக்குக் கூப்பிட்டா அது ராகிங்தான், 1800 180 5522க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், யு.ஜி.சி. நடத்துற நம்பர், காசு ஆகாது. டவர் இருக்கும்போதே ஃபோன்ல சேவ் பண்ணி வச்சுக்கோங்க, அம்மா ஃபோன்லயும்.